திரைக்குப் பின்னால் போன அப்புக்காத்து

எங்கட வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு இருக்கிறது. இதில ஒரு கையெழுத்தை வையும் என்பதுதான் அது. பாங்க் கடிதமாக இருக்கும், வீட்டுக் கடன் பத்திரமாக இருக்கும், விசா விண்ணப்பமாக இருக்கும். என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டால், உமக்கு விளங்காது, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு பதில் வரும். நல்ல மனுசன் வீட்டில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கை ஓங்குகிற மனுசன் வீட்டில்தான், பத்து வருடம் கழித்து அந்தக் கையெழுத்தின் விலை தெரியவரும்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியை இலவசச் சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொலிஸுக்குப் போனால் உன்னைப் பிளேன் ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள் என்று புருசன் சொல்லி வைத்திருந்தான். அதை நம்பி நாலு வருடம் வாய் திறக்காமல் இருந்தவள். நிலையத்தில் இருந்த சட்டத்தரணி ஒரு இளம் பெண். என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, வெளியில் இருக்க முடியுமா என்று கேட்டார். பிறகு தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுட்டது. நான்தானே கூட்டிக்கொண்டு வந்தனான்? தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும், பிறகு ஏன் வேற ஆள்? ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தபோதுதான், எனக்குச் சொல்லாத எதையோ அவள் உள்ளே சொல்லியிருக்கிறாள் என்பது விளங்கியது.

அந்தக் கதவு ஏன் சாத்தப்பட வேண்டும் என்பதை எனக்கு வடிவாக விளங்கப்படுத்தியது, 1954இல் லண்டனில் இறந்துபோன ஒரு மனுசியின் வாழ்க்கை. அவருடைய பெயர் கொர்னேலியா சொராப்ஜி. ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்த முதல் பெண், இந்தியாவின் முதல் பெண் வக்கீல் என்று பொது அறிவுப் புத்தகங்களில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் நடந்ததுதான் எங்களுக்குத் தேவையான கதை.

பூனா வீட்டுக்கு வந்த விதவை

கொர்னேலியா 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி, அன்றைய பம்பாய் மாகாணத்து நாசிக்கில் பிறந்தார். தகப்பன் பார்சிக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறிப் பின்னர் போதகரானவர். மதம் மாறியதற்காகச் சொந்தச் சனத்திடம் நிறையவே பட்டவர். தாய் பிரான்சினா, சிறுமியாக இருந்தபோது ஓர் ஆங்கிலேயத் தம்பதியால் எடுத்து வளர்க்கப்பட்டவர். அந்த வளர்ப்புத் தாயின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார்கள். பெரிய குடும்பம், அதில் பெண்பிள்ளைகளே அதிகம். ஆனால் பெண்பிள்ளை பிறந்துவிட்டதே என்று அந்த வீட்டில் யாரும் முகம் சுளித்ததில்லை. தங்கைமாரில் ஒருவர் டாக்டரானார், இன்னொருவர் பூனாவில் பள்ளிக்கூடம் நடத்தினார்.

தாய் பிரான்சினாவும் பூனாவில் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரிடம் வந்து தங்கள் கஷ்டங்களைச் சொல்லுவார்கள். சொத்துப் பிரச்சினை, வாரிசுப் பிரச்சினை, வீட்டுக்குள் நடக்கிற கொடுமை எல்லாம் அந்தத் திண்ணைக்கு வரும். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஒரு குஜராத்தி விதவை. வசதியான குடும்பம். ஆனால் அவர் வெளி ஆண்களுக்கு முன்னால் வருவதில்லை. கணக்கு வழக்கு, காணி, வாடகை எல்லாவற்றையும் ஒரு காரியஸ்தர் பார்த்தார். அந்த மனுசன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான், அவரும் வைத்துக் கொடுத்தார். பிறகு பார்த்தால் சொத்தே அவன் பக்கம் போய்விட்டது.

சின்னப் பிள்ளையாக இருந்த கொர்னேலியா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமென்றால் நீ சட்டம் படிக்க வேணும் என்று தாய் சொன்னார். பிள்ளை அதை விடவில்லை. பெண் எவரும் சட்டம் படித்திராத ஒரு நாட்டில், ஒரு தாய் தன் மகளுக்கு இதைச் சொன்னார் என்பதையும் மறக்கக் கூடாது.

முதலாவதாக வந்ததும் காணாது

பூனாவின் டெக்கான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி கொர்னேலியா. ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஒற்றைப் பெண்ணாக இருந்து படித்து, 1887இல் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியும் அவர்தான். அப்படி முதலாவதாக வருகிறவருக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைக்க வேண்டும். ஆனால் அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், பெண்.

அவர் வீட்டில் இருந்து அழவில்லை. அகமதாபாத்தில் குஜராத் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் கற்பித்தார். இருபது வயது தாண்டிய ஒரு பெண், தன் வயது ஆண் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். இதற்கிடையில் இங்கிலாந்தில் இருந்த சில பெண்கள் இந்த அநியாயத்தைக் கேள்விப்பட்டார்கள். மேரி ஹோப்ஹவுஸ் என்ற அம்மையார் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நிதி திரட்டினார்கள். பணம் கொடுத்தவர்களில் புளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். அரசாங்கம் மறுத்த புலமைப்பரிசிலை ஊர் சேர்ந்து கொடுத்தது. 1889இல் கொர்னேலியா கப்பல் ஏறினார்.

ஒக்ஸ்போர்டில் சொமர்வில் என்ற பெண்கள் விடுதிக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்ணுக்கு இலக்கியம் போதும் என்பது அங்கே பலருடைய எண்ணம். பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் போன்ற சிலர் கைகொடுத்தபடியால் சட்டப் பக்கம் போக முடிந்தது. ஆல் சோல்ஸ் கல்லூரியின் கொட்ரிங்டன் நூலகம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. 1890இல் அதற்குள் இருந்து படிக்க அனுமதிக்கப்பட்ட முதல் பெண் கொர்னேலியா. 1892இல் சிவில் சட்டப் பட்டப் பரீட்சையை எழுதப் பல்கலைக்கழகம் அவருக்காகத் தனியாக ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்தது. எழுதினார், சித்தியடைந்தார். ஆனால் பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஒக்ஸ்போர்ட் 1920 வரைக்கும் தயாராக இருக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் லண்டனில் சொலிசிட்டர்கள் அலுவலகம் ஒன்றில் சிறிது காலம் வேலை பழகினார். சொலிசிட்டர் என்றால் எங்கட பழைய ஆக்கள் பிரக்கிராசி என்று சொல்லுவினமே, அந்த வேலை. உறுதி எழுதுவது, பத்திரம் வாசிப்பது, சொத்துக் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது. பின்னாளில் அவருக்கு அதிகம் கைகொடுத்தது நீதிமன்றப் பேச்சைக் காட்டிலும் இந்தப் பழக்கம்தான்.

சட்டம் இருந்தது, ஆள் இல்லை

1893இல் ஊர் திரும்பினார். அப்போது வட இந்தியாவிலும் வங்காளத்திலும் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களைப் பர்தானஷீன் என்பார்கள். இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தப்புரத்துக்குள்ளேயே வாழ்க்கை. நெருங்கிய உறவினர் தவிர வேறு ஆணின் முகத்தைப் பார்க்க ஏலாது. இவர்களில் பலர் பெரிய ஜமீன்களுக்குச் சொந்தக்காரிகள். ஆனால் கையில் ஒரு ரூபாய் எடுக்கவும் யாரிடமாவது கேட்க வேண்டும். காணியை விற்பதும் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் அவர்களுடைய பெயரில் வழக்குப் போடுவதும் வெளியில் இருக்கிற ஆண்கள்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்களைக் காப்பாற்றச் சட்டமே இல்லாமல் இருக்கவில்லை. பர்தாவில் இருக்கிற பெண் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தால், அதை அவள் முழுதாக விளங்கிக்கொண்டுதான் வைத்தாள் என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தப் பத்திரத்தால் லாபம் அடைகிறவனுடையது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் இதை ஏற்றுக்கொண்டிருந்தது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த யார் வழக்குப் போடுவது? அவள் வக்கீலைப் பார்க்க வெளியே வர ஏலாது. வக்கீல் ஆண், அவன் உள்ளே போக ஏலாது. நடுவில் நின்று அவள் சொன்னதாக வந்து சொல்லுகிறவன், அவளை ஏமாற்றின அதே காரியஸ்தனாக இருந்தால்?

கொர்னேலியா கண்ட ஓட்டை இதுதான். சட்டத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு வாசற்படி கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போகக்கூடிய சட்டம் தெரிந்த ஆள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் உள்ளே போகிற உரிமை இருந்த அவருக்கு, நீதிமன்றத்துக்குள் போகிற உரிமை இல்லை. கத்தியவார், இந்தூர்ப் பக்கத்துச் சமஸ்தானங்களில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு முன்னால் இந்தப் பெண்களுக்காக மனுக் கொடுக்க விசேட அனுமதி கிடைத்தது. வழக்காட அனுமதி இல்லை. தகுதி காணாது என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொன்றாக எழுதித் தள்ளினார். 1897இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டப் பரீட்சை. 1899இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் பரீட்சை. இரண்டிலும் சித்தி. ஆனாலும் கதவு திறக்கவில்லை. அலகாபாத்தில் பாரிஸ்டராக இருந்த அவருடைய தம்பி நீதிமன்றத்துக்குப் போய்வர, அதே அளவு படித்த அக்கா வெளியில் நின்றார்.

சமஸ்தானங்களில் கிடைத்த வழக்குகளின் தன்மை எப்படி இருந்தது என்பதற்கு அவரே சொன்ன ஒரு கதை உண்டு. ஒரு யானைக்காக வாதாட வேண்டி வந்தது. அந்த யானையைத் தோப்பில் இருந்து துரத்தப் பார்த்தார்கள். இவர் சட்டப் புத்தகங்களோடு தயாராகப் போனார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய ராஜாவோ, தன் நாய்க்கு இந்த அம்மாவைப் பிடித்துவிட்டது என்று காரணம் சொல்லி யானைக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தாராம். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கோ, அதே ராஜாவின் நாய்க்குப் பிடிக்காமல் போயிருந்தால்? ஒருவனுடைய மனநிலையை நம்பி நீதிக்காகக் காத்திருக்கிற நிலைமை, அடிக்கிற புருசனோடு இருக்கிற பெண்ணுக்கு நல்லாகவே தெரியும்.

அரசாங்கமே கூலி கொடுத்த உதவி

1902இல் இருந்து அவர் அரசாங்கத்தை விடாமல் கேட்டார். திரைக்குப் பின்னால் இருக்கிற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒரு பெண் சட்ட ஆலோசகரை நியமியுங்கள் என்பது கோரிக்கை. 1904இல் வங்காளத்தில் கோர்ட் ஒஃப் வார்ட்ஸ் எனப்பட்ட திணைக்களத்தில் பெண் உதவியாளராக நியமித்தார்கள். வாரிசு சிறுபிள்ளையாகவோ, சொத்தை நடத்த முடியாத பெண்ணாகவோ இருந்தால் அந்த ஜமீனை அரசாங்கம் பொறுப்பெடுத்து நடத்துகிற அமைப்பு அது. 1907 அளவில் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று நாலு பகுதிகளும் அவருடைய வேலைக்குள் வந்துவிட்டன.

பெயர் உதவியாளர். வேலையோ ஒரு முழு அலுவலகத்தின் வேலை. ரயிலில் போவார், படகில் போவார், பல்லக்கில் போவார். உள்ளே போய்ப் பாயில் இருந்து அந்தப் பெண்ணோடு நேரே கதைப்பார். மாதாந்தப் படி ஒழுங்காக வருகிறதா? கணக்கை யார் எழுதுகிறது? மகனைப் படிக்க விடுகிறார்களா? தத்தெடுக்கச் சொல்லி யார் நெருக்குகிறது? சாப்பாட்டில் ஏதாவது கலந்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறதா? கடைசிக் கேள்வி சும்மா கேட்பதல்ல. சொத்து இருக்கிற சிறுபிள்ளை வாரிசுகளின் உயிருக்கு அந்த வீடுகளில் உண்மையாகவே ஆபத்து இருந்தது.

மாமி மருமகள் சண்டையைத் தீர்ப்பதும் அவர்தான், பிள்ளைக்கு டாக்டரைக் கூப்பிடுவதும் அவர்தான், திரும்பி வந்து கலெக்டருக்கு அறிக்கை எழுதுவதும் அவர்தான். ஏறத்தாழ இருபது வருடங்களில் 600க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் அவர் உதவியிருப்பார் என்று கணக்குச் சொல்கிறார்கள். பல தடவை கட்டணம் வாங்காமல் செய்திருக்கிறார்.

இன்றைக்கு நாங்கள் இலவசச் சட்ட உதவி என்று சொல்கிற விசயத்தின் எல்லாப் பகுதியும் அந்த வேலையில் இருக்கிறது. உதவி தேவைப்படுகிறவள் காசு கொடுப்பதில்லை. ஆலோசகர் அவளுடைய இடத்துக்குப் போகிறார். அவள் பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அவளைக் கேட்கிறார். சட்டத்தோடு நிற்காமல் மருந்து, படிப்பு, பாதுகாப்பு என்று மற்றதையும் பார்க்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையைக் கிழித்தெறி, வெளியே வா என்று அவர் எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணுடைய பூசையையும் நோன்பையும் நம்பிக்கையையும் மதித்து, அவள் நிற்கிற இடத்தில் இருந்து வேலையைத் தொடங்கினார். இதற்காக அன்றைய சீர்திருத்தக்காரர்கள் அவரைப் பழமைவாதி என்றார்கள். எங்கட சமூகத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அடிக்கிறானெண்டால் விட்டிட்டு வரவேண்டியதுதானே என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள், விசா, ஊரில் இருக்கிற அம்மா அப்பா, தங்கச்சியின் கல்யாணம் எல்லாவற்றையும் அவள் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பதற்கு முதல், உனக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். முடிவு அவளுடையது.

முப்பது வருடம் காத்திருந்த பட்டம்

1919இல் இங்கிலாந்தில் பெண்களும் சட்டத் தொழிலுக்கு வரலாம் என்று சட்டம் வந்தது. 1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொர்னேலியாவை வக்கீலாகப் பதிந்தது. 1922இல் ஒக்ஸ்போர்டுக்குப் போய், 1892இல் சித்தியடைந்த பரீட்சைக்கான பட்டத்தை வாங்கினார். பரீட்சை எழுதும்போது வயது 25, பட்டம் வாங்கும்போது 55. 1923இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். அதே வருடம் இந்தியாவிலும் பெண்கள் வக்கீலாகலாம் என்று தனிச்சட்டம் நிறைவேறியது. அடுத்த வருடம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று நினைப்போம். வரவில்லை. கல்கத்தாவில் அவரிடம் பெரும்பாலும் எழுத்து மூலமான சட்ட அபிப்பிராயம்தான் கேட்டார்கள். எழுந்து நின்று வாதாடும் வழக்குகள் ஆண்களுக்கே போயின. கதவைச் சட்டம் திறந்துவிட்டாலும் உள்ளே கதிரை போட மனுசர் வேண்டும். 1929இல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார். குளிர் காலத்தில் இந்தியாவுக்குப் போய்வந்தார். 1934இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1954 ஜூலை 6ஆம் திகதி, 87 வயதில், லண்டனில் காலமானார்.

மறைக்கக் கூடாத பக்கம்

நல்ல மனுசரின் கதையை எழுதும்போது கசப்பானதை விட்டுவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கொர்னேலியாவுக்கு அது செய்யத் தேவையில்லை. அவர் பிரித்தானிய ஆட்சியை நம்பினார். காந்தியின் போராட்டத்தை எதிர்த்தார். 1927இல் கத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் இந்தியரை மிகக் கேவலமாகக் காட்டி மதர் இந்தியா என்ற புத்தகம் எழுதினார். நாடே கொதித்தது. கொர்னேலியா மேயோவின் பக்கம் நின்றார். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மேடை ஏறி இந்தியச் சுயாட்சிக்கு எதிராகப் பேசினார். இதனால் இந்தியப் பெண்கள் அமைப்புகளில் அவருக்கு இருந்த ஆதரவு கரைந்தது. சுதந்திர இந்தியா அவரைப் பெரிதாக நினைவு வைத்திருக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இது.

என்னுடைய பார்வையில் இது பெரிய பிழை. வீட்டுக்குள் ஒருவன் இன்னொருவனுடைய பெயரில் கையெழுத்துப் போடுவது அநியாயம் என்று கண்டவர், ஒரு நாட்டுக்காக இன்னொரு நாடு கையெழுத்துப் போடுவதை நியாயம் என்று நினைத்தார். அவர் கண்ணுக்கு வாசற்படி தெரிந்தது, தெரு தெரியவில்லை. அதற்காக அந்த 600 பேருக்குச் செய்ததை இல்லையென்று ஆக்கவும் ஏலாது. அவர்களுக்கு அன்றைக்கு வேறு ஆள் வரவில்லை.

எங்கட வாசற்படிகள்

பர்தா என்றால் துணி என்று நினைக்க வேண்டாம். ஐந்து அறை வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸுக்குக் காசு இல்லாத பெண்ணை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் எந்த லாச்சியில் இருக்கிறது என்று தெரியாத பெண்ணைத் தெரியும். கணக்கு புருசனின் பெயரில், கைபேசியின் கடவுச்சொல் புருசனிடம், டாக்டரிடம் போனாலும் அவன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பான். காரியஸ்தர் வேலை இப்பவும் நடக்குது, உடுப்புத்தான் மாறியிருக்கு.

சட்டம் அன்றைக்குப் போலவே இன்றைக்கும் இருக்கிறது. பிரித்தானியாவில் வாழ்க்கைத்துணை விசாவில் வந்தவர், வீட்டு வன்முறையால் உறவு முறிந்தால், தன் சொந்தப் பெயரில் நிரந்தர வதிவிடம் கேட்க வழி இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலும் துணை விசாவுக்கு அப்படியான குடும்ப வன்முறை ஏற்பாடு உண்டு. கனடாவில், துணையோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவிடம் நிலைக்கும் என்று சில புதிய தம்பதிகளுக்கு இருந்த நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டார்கள். பிளேன் ஏத்திப்போடுவாங்கள் என்ற மிரட்டலில் எவ்வளவு உண்மை என்பதை ஒவ்வொருவருடைய விசாவையும் பார்த்துத்தான் சொல்லலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் சட்டத்தரணி. மிரட்டுகிறவன் இல்லை.

சட்டத்தரணிக்குக் காசுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிரித்தானியாவில் வசதியற்றவருக்கு அரசாங்கச் செலவில் சட்ட உதவி என்ற சட்டம் 1949இல் வந்தது. கொர்னேலியா அப்போது அதே லண்டனில் உயிரோடு இருந்தார். 1970இல் வடக்கு கென்சிங்டனில் அங்குள்ள முதல் சமூகச் சட்ட நிலையம் திறந்தது. டொரொன்டோவின் பார்க்டேலில் 1971இல், மெல்பனின் பிட்ஸ்ரோயில் 1972இல் அப்படியானவை தொடங்கின. இன்றைக்கு எங்கட சனம் நிறைந்த நகரங்கள் பலவற்றில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த உதவி இருக்கிறது. குடும்ப வன்முறையோடு வருகிறவர்களை முன்னுக்கு எடுக்கிற நிலையங்களும் உண்டு. நிதி காணாமல் வரிசை நீண்டிருக்கலாம், முதல் நாளே சந்திப்புக் கிடைக்காமல் போகலாம். அப்படியிருந்தும் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் காணாது என்று சின்ன வயதில் இருந்தே நீங்கள் மொழிபெயர்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாங்க் எல்லாவற்றுக்கும் போயிருப்பீர்கள். இந்த விசயத்தில் மட்டும் அந்த வேலையைச் செய்யாதேங்கோ. அப்பா என்ன செய்தார் என்பதை மகனின் வாயால் சொல்லுவிக்கிற நிலைமை அம்மாவுக்கு வரக்கூடாது. முழுதாகச் சொல்லமாட்டார். பாதியை விழுங்கிவிடுவார். சட்டத்தரணியிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கோ, கேட்பதில் வெட்கம் இல்லை. ஊரில் தெரிந்த ஆளாக இருக்கக் கூடாது என்று சொல்லவும் உரிமை இருக்கிறது. எங்கட சமூகம் சின்னது, கதை கோயில் வீதி வரைக்கும் போய்விடும் என்ற பயம் நியாயமானது.

பெண்களுக்கு ஒன்று. கையெழுத்து வையும் என்றால், நாளைக்கு வைக்கிறன் என்று சொல்லிப் பழகுங்கோ. நல்ல மனுசன் ஒரு நாள் பொறுப்பார். ஒரு நாளும் பொறுக்கமாட்டேன் என்றால், அந்தத் தாளை உங்களுக்காக வேறு யாராவது வாசிக்க வேண்டும் என்று அர்த்தம். பூனா வீட்டுக்கு வந்த அந்த விதவை ஒரு நாள் பொறுத்திருந்தால் சொத்துத் தப்பியிருக்கலாம். ஆனால் அவருக்குக் கேட்க ஆள் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக, என்னைப் போலத் துணைக்குப் போகிறவர்களுக்கு. கூட்டிக்கொண்டு போங்கோ. வழி காட்டுங்கோ, பிள்ளையைப் பாருங்கோ, ரீ வாங்கிக் கொடுங்கோ. உள்ளே இருக்கிற சட்டத்தரணி உங்களை வெளியில் இருக்கச் சொன்னால் கோபிக்காதேங்கோ. அந்தப் பெண்ணுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நீண்ட காலமாக ஆராவது ஒரு ஆள் நின்றுகொண்டே இருந்திருக்கினம். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் அங்கே ஒருத்தரும் நிற்க வேண்டாம். வெளியில் ஒரு கதிரை கிடக்கும், அதில இருங்கோ.